உதட்டுப் பேச்சு

பாதி ஆயுசைத் தறி ஷெட்டில் கழித்தவர்களை ஆஸ்பத்திரியில் உட்கார வைக்கக் கூடாது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே இருக்கிற அமைதி எங்களுக்கு ஆகாது. எங்கள் ஷெட்டில் எல்லாத் தறிகளும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கரண்டு போனால்தான் தெரியும். சத்தம் இருக்கிறவரை வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். எங்கேயாவது சத்தம் நின்றால்தான் தறி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரி ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

அந்த மேஸ்திரிதான் இப்போது ஐ.சி.யூ. வாசலில் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே படுத்திருந்தது அவர் மனைவி. எங்களுக்கு நாலு தறி அக்கா. மற்றவர்களுக்கு ரெண்டு தறி பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அக்கா நாலைப் பார்ப்பாள், அதுவும் எதிர்வரிசையில் நிற்கிறவளோடு வம்பு பேசிக்கொண்டே. ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. போன அன்றே ஒரு ஆப்பரேஷன். அது ஆறுவதற்குள் இன்னொன்று. மூச்சு தானாக வரவில்லை என்று கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாய் இருக்கிறவரை குரல் வெளியே வராது. அப்புறம் வாரக்கணக்கில் அதே கட்டில், அதே நாற்காலி.

மேஸ்திரி கதவுக்கு வெளியே இருந்துகொண்டு உள்ளே ஓடும் மிஷின்களைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மிஷினின் புஸ், புஸ் அவருக்கு மனப்பாடம். அது கொஞ்சம் பிசகினாலும் எழுந்து கதவைத் தள்ளிவிடுவார்.

"சிஸ்டர்! மிஷின் சத்தம் மாறுது!"

"ஐயா, மெதுவா. இது ஆஸ்பத்திரி."

"மெதுவாத்தாம்மா பேசுறேன்."

"நீங்க மெதுவா பேசுறது கீழ் மாடி வரைக்கும் கேக்குது. அது மருந்து ஏத்துற மிஷின், மருந்து தீர்ந்தா அப்படித்தான் கத்தும். மாத்தி விட்டுட்டேன். போய் ஒரு டீ குடிங்க."

"இப்பத்தான் குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க. உங்களை உள்ள விட்டா மத்த பேஷண்ட் எல்லாம் எழுந்து ஓடிடுவாங்க."

அந்த சிஸ்டர் சின்னப் பெண். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்துக்கொண்டுதான் புரட்டுவாள். மேஸ்திரிக்கு அவளைப் பிடித்துப்போனது அதைப் பார்த்துத்தான்.

மேஸ்திரியின் வித்தை வெளியே தெரிந்ததும் அவளால்தான். அக்காவுக்கு நினைவு தெளிந்த புதிதில் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, வலிக்குதா, தண்ணி வேணுமா, புரண்டு படுக்கணுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்வை நேரத்துக்கு உள்ளே வந்த மேஸ்திரி வாசலிலேயே நின்று சிரித்துவிட்டார்.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க?"

"ஒரு கால் சாக்ஸ் கழண்டு கிடக்குதாம்மா. கால் குளிருதாம். இந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேக்குது, காலை மட்டும் பாக்க மாட்டேங்குதுங்கிறா."

சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தாள். சாக்ஸ் கட்டிலின் ஓரத்தில் கிடந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் வரும். தறி ஓடும்போது தொண்டையால் பேச முடியாது. உதட்டை நன்றாகத் திறந்து, புருவத்தைத் தூக்கி, விரலைக் காட்டித்தான் பேச்சு. சண்டை, காதல், சம்பந்தம் பேசுவது எல்லாமே அதில் நடக்கும். மேஸ்திரியும் அக்காவும் பழகியதும் அப்படித்தான், நடுவில் மூன்று தறிகளை வைத்துக்கொண்டு. உதட்டுப் பேச்சில் மரியாதை நிற்காது. வீட்டில் "நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற அக்கா, ஷெட்டுக்குள் வந்துவிட்டால் "தின்னியா" என்பாள். மேஸ்திரிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பஞ்சு மூக்கில் ஏறாமல் இருக்க எல்லோரும் முகத்தில் துணி கட்டியிருப்போம். பேசும்போது தாடைக்கு இறக்கிக்கொள்வோம். எதிரே நிற்கிற ஆளைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், துணியை மேலே ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் காதில் கத்துவோம். அதனால் ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டுத் துணியை ஏற்றினால், நமக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று ஷெட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனவனுக்குக்கூடத் தெரியும்.

ஐ.சி.யூ.வில் மேஸ்திரிக்கும் ஒரு மாஸ்க் கொடுத்திருந்தார்கள். கட்டிலிலிருந்து ரெண்டடி தள்ளி நின்றால் இறக்கிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சலுகை கொடுத்தாள். அதன்பிறகு காலை ரவுண்டுக்கு வரும் டாக்டரே, "எங்கே அந்த மேஸ்திரி? கூப்பிடுங்க, அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

வெளியே நாற்காலி வரிசையில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அவர் மனைவிக்கும் அடுத்த கட்டிலில் அதே குழாய். விஷயம் காதில் விழுந்ததும் மேஸ்திரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, எனக்கும் ஒரு உதவி. என் சம்சாரமும் ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கா. நான் தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடுறேன். ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

மேஸ்திரி போய்ப் பார்த்தார். ஷெட்டில் பழகாத வாய். எழுத்தையெல்லாம் முழுங்கி முழுங்கிப் பேசியது. மறுபடி சொல்லச் சொல்லி, மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

"உன் தங்கச்சிக்கு வீட்டுச் சாவியைக் குடுக்காதேங்கிறாப்பா."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவளேதாண்ணே. நூத்துக்கு நூறு அவளேதான். ரெண்டு வாரமா இவ யாரோ மாதிரி படுத்திருந்தா. இப்பத்தான் என் பொண்டாட்டி திரும்பி வந்திருக்கா. நீ பொய் சொல்லலைன்னு இந்த ஒண்ணுலயே தெரிஞ்சுபோச்சு."

மழை தவறிய காலம் அது. காற்று காய்ந்து கிடந்தது. அந்த மாதிரி நாட்களில் ஷெட்டில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் அக்காவின் உதடு வெடித்தது. வெடித்த உதடு விரியாது, பேச்சும் புரியாது. மேஸ்திரி ஈரப் பஞ்சால் ஒற்றி, அதன்மேல் களிம்பைத் தடவி, காய விட்டுவிட்டுத்தான் பேசச் சொல்வார். ஸ்பேனர் பிடித்த விரல்கள் அதை மட்டும் மெதுவாகச் செய்யும்.

அந்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் மறுபடியும் ஏறியது. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூப்பிட்டார்.

"உள்ள திரும்பவும் சீழ் கட்டியிருக்கு. வயித்தைத் திறந்து கழுவணும். ஏற்கெனவே ரெண்டு தடவை திறந்தாச்சு, உடம்புல தெம்பு இல்லை, அது எனக்கும் தெரியும். செய்யலைன்னா தாங்காது. செஞ்சா ஒரு வாய்ப்பு இருக்கு. கையெழுத்து நீங்க போட்டாலும், அவங்க நினைவோட இருக்காங்க. அவங்க சம்மதம் எனக்கு முக்கியம். கேட்டுச் சொல்லுங்க."

மேஸ்திரி மாஸ்க்கை இறக்கினார். டாக்டர் சொன்னதை உதட்டில் சொன்னார். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும், டாக்டர் சொன்னது முழுக்கக் கேட்டும் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"வேணாம்."

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார்.

"போதும். என்னால முடியலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் கையிலிருந்த ஸ்கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் சொட்டு மருந்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். அந்த அறையில் அந்த ரெண்டு வரியும் மேஸ்திரி ஒருவருக்குத்தான் தெரியும்.

அவருக்குத் தலைக்குள் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பக்கம் திரும்பினார். கை தானாகப் போய் மாஸ்க்கை மூக்கு வரைக்கும் ஏற்றியது.

"சரிங்கிறா டாக்டர். செய்யச் சொல்றா."

"நல்லது. ரொம்பத் தைரியம் உங்க சம்சாரத்துக்கு" என்றார் டாக்டர்.

உடனே எல்லாம் வேகமாக நடந்தது. கட்டிலின் சக்கரப் பூட்டுகளைத் திறந்தார்கள். மேஸ்திரி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டில் கதவைத் தாண்டும்போது, "இங்க பாருங்க, அக்கா டாட்டா காட்டுறாங்க" என்றாள் சிஸ்டர். திரும்பினார். போர்வைக்கு வெளியே அக்காவின் கை கிடந்தது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரல்களை மட்டும் தூக்கித் தூக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். தறியை நிறுத்து என்று ஷெட்டில் சொல்கிற சைகை அது. நூல் அறுந்தால், யாருடைய விரலாவது மாட்டினால், ஓடி வர நேரமில்லாதபோது அதைத்தான் காட்டுவோம். அதைப் பார்த்துவிட்டுக் கைகட்டி நின்ற மேஸ்திரி எங்கள் ஷெட்டில் இதுவரை கிடையாது. அவர் நின்றார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. காய்ச்சல் இறங்கியது. டாக்டரே வெளியே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். டிரைவர் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடுண்ணே. கண்டம் தாண்டிட்டாங்க. இன்னும் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"பாத்தியா, அவங்களே சரின்னு சொன்னதால ஆச்சு. என் சம்சாரமா இருந்தா வேணாம்னு அடம் பிடிச்சிருப்பா."

மேஸ்திரி பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். மீதியைக் காகிதத்தில் சுற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் உள்ளே போனார். அக்கா விழித்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் மாஸ்க்கை இறக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கம் என்று முதலில் நினைத்தார். அவர் நகர்ந்ததும் கண் திறந்தது. திரும்பி வந்ததும் மூடிக்கொண்டது. ஷெட்டில் ஒருவரோடு பேச்சு முறிந்துவிட்டால் நாங்கள் செய்வது அதைத்தான். பார்க்காவிட்டால் முடிந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று அவள் உதடு சொல்லாது, இவர் உதடு சொல்வது அவளுக்குப் போய்ச் சேராது.

காது திறந்துதானே இருக்கிறது, அதில் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தனக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாக, "என் மேல கோவமா?" என்றார். நாலு கட்டிலிலிருந்து தலைகள் திரும்பின. சிஸ்டர் வாயில் விரலை வைத்தாள். ரகசியம் பேசத் தெரியாத தொண்டை அது. செய்த தப்பை அந்தத் தொண்டையால் சொன்னால் வார்டு முழுக்கக் கேட்கும், டாக்டர் காதுக்கும் போகும். உதட்டால் சொல்லலாம் என்றால் அவள் கண்ணைத் திறக்க வேண்டும். ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு நாளைப்போல எல்லா நாளும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். ஈரப் பஞ்சைக் கொண்டுபோனால் அக்கா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சிஸ்டர் ஒற்றினால் மட்டும் திறந்து கொடுத்தாள்.

"என்னங்க உங்களுக்குள்ள? ரொம்ப நாள் படுத்திருந்தா மனசு சோர்ந்துடும், அதுக்கும் ஒரு டாக்டர் இருக்கார், சொல்லட்டுமா?" என்றாள் சிஸ்டர்.

"மனசெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் மேஸ்திரி.

டிரைவர் ஒரு சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். அவர் மனைவி ஏதோ சொல்கிறாளாம், வந்து பார்க்க வேண்டுமாம். மேஸ்திரி நாற்காலியை விட்டு எழவில்லை.

"வேற யாரையாவது கேளுப்பா."

"வேற யாருக்குண்ணே தெரியும்? உன்னை நம்பித்தானே இருக்கேன்."

"என்னை நம்பாதே" என்று கத்திவிட்டார். டிரைவர் அசந்துபோய் நின்றார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு தன் கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கழுவினாலும் போகாத கிரீஸ் கருப்பு அதில் இருந்தது.

இன்னும் கொஞ்ச நாள் போயிருக்கும். காய்ச்சல் மறுபடியும் வந்தது. அந்தக் காலை ரவுண்டில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்து விட்டார். மேஸ்திரிக்கு விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஓரமா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. இன்னொரு தடவை திறக்கணும். இதுதான் கடைசியா இருக்கும்னு நம்புறேன், உறுதி சொல்ல மாட்டேன். கேட்டுச் சொல்லுங்க மேஸ்திரி."

சிஸ்டர் அக்காவின் தோளைத் தொட்டாள். "அக்கா, கண்ணைத் திறங்க. டாக்டர் கேக்குறார்." கண் திறக்கவில்லை.

மேஸ்திரி மாஸ்க்கை இறக்கினார். இறக்கியது போதாது என்று காதிலிருந்தே கழற்றிவிட்டார்.

"டாக்டர், அன்னைக்கு இவ சரின்னு சொல்லலை. வேணாம்னா. போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அந்தத் தொண்டையை ஒளிக்க முடியுமா? வார்டு முழுக்கக் கேட்டது. வாசல் கண்ணாடி வழியாக டிரைவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் ஸ்கேனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"நான் கேட்டது உங்களை இல்லைங்க. அவங்களை."

"தெரியும் டாக்டர்."

"இப்போ நீங்க சொல்லப்போறதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

மேஸ்திரி கழற்றிய மாஸ்க்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர்தான் முதலில் கவனித்தாள். அக்காவின் கண் திறந்திருந்தது. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஒரு வழி இருக்கு" என்றாள் சிஸ்டர். "அக்கா, நீங்க சொல்லுங்க. அதை இவர் எங்களுக்குச் சொல்லட்டும். சரியா சொன்னார்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க. தப்பா இருந்தா சும்மா இருங்க."

"இதை நான் அன்னைக்கே செஞ்சிருக்கணும்" என்றார் டாக்டர், தனக்குத்தானே.

அக்காவின் உதடு அசைந்தது. வெடிப்பில் ரத்தம் லேசாகக் கசிந்தது. மேஸ்திரி படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் பொய் சொல்லிட்டார்ங்கிறா."

அக்கா கண்ணை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேஸ்திரி திருத்திச் சொன்னார். "இந்த மடையன் பொய் சொல்லிட்டான்ங்கிறா."

கண் மூடித் திறந்தது. சிஸ்டர் சட்டென்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைக் கேக்காம என் வயித்தைத் திறந்தீங்கங்கிறா."

மூடித் திறந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இனிமே என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்கங்கிறா."

மூடித் திறந்தது. டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்து, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, எது தனக்குத் தெரியும், எது தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். "இப்போ சொல்லுங்கம்மா. செய்யட்டுமா?"

அக்கா யோசித்தாள். மூச்சு மிஷின் புஸ், புஸ் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு உதடு மெதுவாக அசைந்தது. மேஸ்திரி படித்தார். சரி என்கிற ஒரு சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"யோசிக்கணுமாம். ஒரு நாள் வேணுமாம்."

மூடித் திறந்தது.

"நாளைக் காலை வரைக்கும் மருந்தை வச்சு ஓட்டிடலாம்" என்றார் டாக்டர். "அதுக்கு மேல முடியாதும்மா. நான் வருவேன். உங்ககிட்டயே கேப்பேன்." மேஸ்திரியைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சிஸ்டர் பஞ்சையும் களிம்பையும் மேஸ்திரியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அக்கா உதட்டை மடிக்கவில்லை. ஒற்றி, தடவி, காய விட்டார். ரெண்டடி தள்ளி நின்றார்.

அவள்தான் ஆரம்பித்தாள். "நீ என்ன சொல்ற?"

அவர் சத்தமில்லாமல், உதட்டை நன்றாகத் திறந்து சொன்னார். "எனக்கு நீ வேணும். நீ இல்லாத வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணுவேன்? வலிக்கும்னு தெரியும். எனக்காகப் பண்ணிக்க. கெஞ்சிக் கேக்குறேன்." மூக்கு ஒழுகியது. துடைக்கக் கையைத் தூக்கினால் உதடு மறைந்துவிடும் என்று துடைக்காமலே நின்றார்.

அக்காவின் உதடு மறுபடியும் அசைந்தது.

"இதை அன்னைக்கு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா?"

"சரின்னு சொல்லியிருப்பேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கேக்குறேன்ல."

"நாளைக்குச் சொல்றேன்" என்றுவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.